பெயரும் குறியும்: தமிழ்க் கணினிக் குறியீட்டில் மாற்றத்தை ஆளும் நெறி

1. தோற்றுவாய்

வடசென்னைத் துறைமுகப் பகுதியில் உள்ள தண்டையார்பேட்டை தன் பெயரினாலேயே ஓர் ஆராய்ச்சிப் பொருளாக விளங்குவது. தொண்டியார் என வழங்கப்பெற்ற குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பெயரால் தொண்டியார்பேட்டை எனப்பட்டு, பின்னர் மருவித் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர். ஆங்கில எழுத்தில் அப்பெயர் முன்னை வடிவைத் தழுவித் தொண்டியார்பெட் என ஒலிக்குமாறே எழுதப்பட்டு வருகின்றது. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளியான தமிழ்நாட்டரசின் ஆணை ஒன்று, 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து வடிவைத் தமிழ் ஒலிப்பிற்கு இணங்கத் திருத்த முற்பட்டது. தண்டையார்பேட்டையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதே திங்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

அத்திருத்தத்தின் நோக்கம் நன்று. தமிழ்ப் பெயரைத் தமிழர் ஒலிப்பது போலவே எழுதவேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஆங்கில வடிவில் எஞ்சி நின்ற 'தொண்டியார்' என்னும் வரலாற்றுச் சான்றினை அத்திருத்தம் மறைத்துவிடாதோ என்பது ஒன்று. நிலப்பத்திரம், வாக்காளர் பட்டியல், இரயில்வே அட்டவணை முதலிய எண்ணற்ற பதிவேடுகளில் அப்பெயரையே அடையாளமாகக் கொண்டு நிற்கும் செய்திகள் என்னாகும் என்பது மற்றொன்று. தேவை நேரியதாயினும், அதனை அமைப்பின் எவ்வுறுப்பில் நிறைவேற்றுவது என்பது தனியே ஆராயப்படவேண்டும் என்பது இவ்வினாக்களால் போதரும்.

மென்பொருள் இயலார் இதனைத் தேவைக்கும் கட்டமைப்பிற்கும் இடையே மாற்றத்தை ஆளுதல் எனக் குறிப்பர். தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் வகுக்கப்பட்ட குறியீடு இச்சிக்கலுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இலக்கிய ஆய்வாளர்க்கு இது புறத்துறை போலத் தோன்றலாம். ஆனால், பதிப்பு, அகராதி, நூலகப் பட்டியல், ஆய்வேடு அனைத்தும் இன்று இக்குறியீட்டின்மீதே நிற்றலின், அதனை அறிதல் தமிழ் ஆய்வாளர் கடன் ஆகின்றது.

2. தேவையும் கட்டமைப்பும்

பயன்கொள்வோர் ஒரு மென்பொருளிடம் வேண்டுவன யாவும் தேவை எனப்படும். அம்மென்பொருளின் உறுப்புகளும், அவை தம்முள் இயையும் முறையும், பின்னர் மாற்றுதற்கு அரிய அடிப்படை முடிவுகளும் கட்டமைப்பு எனப்படும். தேவை அடிக்கடி மாறும் இயல்பினது. கட்டமைப்பு எளிதில் மாறாத இயல்பினது. இவ்விரண்டன் இழுபறியே இத்துறையின் தலையாய சிக்கல்.

இதுபற்றி அறிஞர் மூவர் கருத்துகள் ஈண்டுக் கருதத்தக்கன. பயன்பாட்டில் உள்ள மென்பொருள் உலகியலோடு ஒட்டி இடையறாது திருத்தப்படாவிடின் பயன் குன்றும் என்று 1974இல் லேமன் காட்டினார். மாறக்கூடிய முடிவுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி உறுப்பினுள் அடக்கி, ஏனைய உறுப்புகள் அதனை அறியாதிருக்குமாறு பகுக்கவேண்டும் என்று 1972இல் பார்னசு வரையறுத்தார். தேவையை முற்ற முடித்த பின்னரே கட்டமைப்பைத் தொடங்குவது என்னும் முறை நடைமுறைக்கு ஒவ்வாது என்றும், இரு சிகரங்களைப் போல இரண்டும் அருகருகே, ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வளரவேண்டும் என்றும் 2001இல் நுசைபே விளக்கினார். மாற்றம் தவிர்க்கவியலாதது, அதற்கு முன்னரே இடம் வகுத்தல் வேண்டும், வகுக்கும்போதே தேவையைக் கூறுவோரும் உடன் இருத்தல் வேண்டும் என்பன இம்மூவர் கருத்துகளின் திரட்சி.

கட்டமைப்பில் செய்யும் ஒரு செயல் தொலைவில் உள்ள பிறிதோர் உறுப்பைத் தாக்கும் என்பதனைத் தண்டையார்பேட்டைக் கடற்கரையே காட்டும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1876இல் தொடங்கப்பெற்றன. 1881ஆம் ஆண்டுப் புயலில் அவை பெரிதும் சிதைந்தன. கிழக்கு நோக்கி அமைந்த வாயில் அலைக்கும் மணலுக்கும் இடந்தந்தமையால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது. கப்பலுக்கு அமைதியான நீர் வேண்டும் என்னும் தேவை இவ்வாறு நிறைவேறிற்று. ஆனால், இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிருந்து வடக்கு நோக்கியே நகர்வது. சுவர்கள் அதனைத் தடுத்தமையால் தெற்கே மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் கடந்தும் கடல் நிலத்தை அரித்தது. துறைமுகத்தின் தேவையை ஆராய்ந்தோர் பட்டியலில் வடகரை மீனவர் குடியிருப்பு இடம்பெறவில்லை; விளைவோ அவர்க்கே நேர்ந்தது. ஆதலின், ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் அதனைச் சார்ந்து நிற்பன யாவை என எண்ணுதல் முதற்கடமை என்க.

3. தமிழ்க் குறியீட்டின் அமைப்பு

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். எந்த எழுத்திற்கு எந்த எண் என்று வகுத்தலே குறியீடு. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுக்கப்பெற்ற இஸ்கி என்னும் குறியீட்டின் வரிசையைத் தழுவி, 1991இல் வெளியான யூனிகோடு என்னும் ஒருங்குறி தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியது.

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உள. ஒருங்குறியோ உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும், ஆய்தத்திற்கும் மட்டுமே இடந்தந்தது. 'கி' என்பது க, இகரக்குறி என்னும் இரண்டு எண்களால் அமையும். 'க்' என்பது க, புள்ளி என்னும் இரண்டு எண்களால் அமையும். தமிழ் இலக்கணத்தின்படி மெய்யே முதல்; அதனோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கும். குறியீட்டிலோ அகரமேறிய மெய் முதலாகி, புள்ளியால் அகரம் நீங்க மெய் பிறக்கின்றது. வடநாட்டு எழுத்துமுறைக்கும் பொருந்துமாறு வகுத்த பொதுச்சட்டகம் ஆதலின் இம்முரண் நேர்ந்தது.

எனினும் இவ்வமைப்பில் ஒரு நன்மை உண்டு. எண், வரிசை, வடிவம், விசை என்னும் நான்கும் ஒன்றோடொன்று பிணையாமல் அடுக்கடுக்காக நிற்கின்றன. எழுத்தின் எண் அடித்தளம். அகரவரிசை அதன்மேல் நிற்கும் தனி விதி. கண்ணுக்குப் புலனாகும் வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. எவ்விசையை அழுத்தினால் எவ்வெழுத்து வரும் என்பது விசைப்பலகையின் பொறுப்பு. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டினை ஒட்டி டாப், டாம் என்னும் எழுத்துருக் குறியீடுகளும் தமிழ் 99 என்னும் விசைப்பலகையும் தரப்படுத்தப்பெற்றன. அக்குறியீடுகளின் இடத்தை ஒருங்குறி பற்றிக்கொண்டது. விசைப்பலகையோ ஒருங்குறியிலும் இன்றுவரை பயன்படுகின்றது. அடுக்குகள் தனித்து நின்றமையே இதற்குக் காரணம்.

4. மாற்றங்கள் நான்கு

அ. வடிவ மாற்றம். பெரியார் 1935 முதல் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் புதிய வடிவு பெற்றன. அச்சகங்களுக்கும் தட்டெழுத்துப் பொறிகளுக்கும் அது பெரும் மாற்றம். வடிவமே அங்கு அடித்தளம் ஆதலின். ஒருங்குறியில் 'லை' என்பது ல, ஐகாரக்குறி என்னும் எண்களே. பழைய வடிவில் காட்டுவதும் புதிய வடிவில் காட்டுவதும் எழுத்துருவின் வேலை. 1930களின் இதழொன்றை மறுபதிப்புச் செய்வோர் விரும்பின் பழைய வடிவினையே காட்டலாம். மூலத்தில் ஓர் எண்ணும் மாறவேண்டுவதில்லை. வா. செ. குழந்தைசாமி முன்மொழிந்தவாறு உகர ஊகார உயிர்மெய்களின் வடிவம் இனி ஒருகால் மாறினும், இதுவரை தட்டச்சான நூல்கள் பழுதுறா.

ஆ. வரிசை மாற்றம். ஒருங்குறியின் எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. எண் வரிசையையே பின்பற்றினால் 'பனை' முன்னும் 'பழம்' பின்னும் வரும். அகராதி மரபில் பழமே முன்னது. அவ்வாறே 'அக்கம்' என்பது 'அகம்' என்பதற்கு முன் நிற்கவேண்டும். புள்ளியின் எண் பெரிதாதலின் எண் வரிசையில் அகமே முந்தும். இக்குறை கண்டு, எழுத்துகளின் இடங்களையே மாற்றவேண்டும் எனச் சிலர் கருதுவர். அது வாயிலைத் திருப்பிக் கரையை இழப்பது போன்றது. எண் என்பது அடையாளமேயன்றி வரிசை அன்று. தமிழுக்கென வகுத்த வரிசை விதியை மேலடுக்கில் வைத்துச் சொற்களை முறைப்படுத்துதலே தக்க தீர்வு.

இ. எழுத்து மிகுதல். 2005இல் வெளியான ஒருங்குறி 4.1ஆம் பதிப்பில் தமிழ்ப்பகுதியில் 'ஶ' என்னும் கிரந்த எழுத்தும், தமிழ்ச் சுழியமும் சேர்க்கப்பெற்றன. சேர்த்தல் எளிது, அதன் விளைவு எளிதன்று. அதற்குமுன் 'ஸ்ரீ' என்பதனை ஸகரத்தை முதலாகக் கொண்டு அமைத்து வந்தனர். 'ஶ' சேர்ந்தபின் அதனை முதலாகக் கொண்டு அமைப்பதே தக்கது எனப்பட்டது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாத பட்டியலில் ஒருவகையால் 'ஸ்ரீரங்கம்' எனத் தேடுவோர்க்கு மறுவகையால் பதிந்த நூல்கள் அகப்படா. நூல் இருந்தும் இல்லாததாகின்றது. புதிய எழுத்தைச் சேர்க்கும்போதே பழைய வழக்கினைச் சார்ந்தன எவை, அவற்றை இணைக்கும் விதி யாது என்பனவும் உடன் வகுக்கப்படவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு மாறாகத் தீங்கின்றி நிகழ்ந்த சேர்க்கையும் உண்டு. தமிழ்ப் பின்னங்களும், அளவைக் குறிகளும், கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் 12ஆம் பதிப்பில் தனியொரு துணைப்பகுதியாகச் சேர்க்கப்பெற்றன. ஓலைச்சுவடிகளையும் பழங்கணக்குகளையும் பதிப்பிப்போர்க்கு இவை பெரிதும் வேண்டுவன. பழைய இடங்களைத் தொடாமல் புதிய இடத்தில் வைத்தமையின் முன்னை நூல்களுக்கு ஊறு நேரவில்லை.

ஈ. அடித்தளத்தையே மாற்றுதல். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளையது. அதன்படி அமைந்ததே டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீடு. 2010ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளிலேயே, தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி போதாத இடங்களில் டேஸ் 16ஐ மாற்றாகவும் ஏற்று ஆணையிட்டது.

இக்கோரிக்கையின் பின்னுள்ள தேவை மெய்யானது. யாப்பாராய்ச்சியில் எழுத்தெண்ணவும், அசை பிரிக்கவும், உயிர்மெய்யை உயிரும் மெய்யுமாகப் பகுக்கவும் எழுத்திற்கு ஓர் எண் இருத்தல் எளிமை தரும். ஆனால், அக்குறியீடு ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியில் உள்ள எண்களின் பொருள் பயன்படுத்துவோர் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாட்டினாலேயே விளங்கும். உடன்பாடு இல்லாதார் கணினியில் அவ்வெண்கள் எழுத்தாகா. ஆதலின், எழுத்தெண்ணுதல் முதலிய ஆய்வினுள் அதனை இடைநிலைக் கருவியாகக் கொண்டு, சேமிப்பிற்கும் பரிமாற்றத்திற்கும் ஒருங்குறியையே கொள்ளுதல் ஏற்புடைத்து. மேலடுக்கில் நிறைவேறக்கூடிய தேவைக்காக அடித்தளத்தை இரண்டாக்குதல் ஆகாது என்பது எம் கருத்து.

5. மாறாமை

ஒருங்குறியின் வரலாற்றிலும் அடித்தளம் மாறிய காலம் உண்டு. 1996இல் வெளியான 2.0ஆம் பதிப்பில் கொரிய எழுத்துகள் இடம்பெயர்க்கப்பட்டன. அதற்குமுன் அவ்வெண்களில் எழுதியவை பொருளற்றுப் போயின. அப்பதிப்பிலிருந்து, ஒருமுறை இடம்பெற்ற எழுத்து நீக்கப்படாது, நகர்த்தப்படாது, அதன் பெயரும் மாற்றப்படாது என்னும் உறுதி மேற்கொள்ளப்பட்டது.

இவ்வுறுதியின் விலையைத் தமிழும் செலுத்துகின்றது. ஆய்தத்திற்கு அங்குள்ள முறைப்பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி' என்பது. ஆய்தம் சார்பெழுத்து என்பதனையும், வடமொழி விசர்க்கம் வேறென்பதனையும் அறிந்தோர்க்கு இப்பெயர் பிழையெனத் தோன்றும், பிழையே. தமிழில் வழங்காத அனுசுவாரக் குறிக்கும் அங்கு ஓரிடம் உண்டு. இரண்டும் இனி நீங்கா. விளக்கக் குறிப்பினால் பிழையைச் சுட்டலாமேயன்றிப் பெயரைத் திருத்தவியலாது.

மாறாப் பிழை, மாறும் செம்மையினும் மேலானதோ எனின், அடையாளத்தைப் பொறுத்தவரை மேலானதே என்க. சென்னை 1996இல் பெயர் மாறிற்று. அதன் வானூர்தி நிலையக் குறியோ மெட்ராசை நினைவூட்டும் எம்.ஏ.ஏ. என்பதாகவே உள்ளது. சென்னை நடுவண் இரயில் நிலையம் 2019இல் புதுப்பெயர் பெற்றும் எம்.ஏ.எஸ். என்னும் குறி மாறவில்லை. பெயர் மக்களுக்கு, குறி பதிவேட்டிற்கு. தண்டையார்பேட்டையின் பெயரை எவ்வாறு எழுதினும், அதன் அஞ்சல் எண் 600081 என்பது மாறாதிருந்தால் கடிதம் உரியவரைச் சேரும். பெயரையே குறியாகக் கொண்ட பதிவேடுகளிலேதான் திருத்தம் ஊறு விளைக்கும்.

6. ஆய்வாளர் கடமை

1990களில் தமிழ் எழுத்துரு வெளியிட்டோர் பலர் தத்தமக்குரிய குறியீட்டைக் கையாண்டனர். அக்காலத்து ஆய்வேடு ஒன்றன் கணினிப்படியை இன்று திறப்பவர், உரிய எழுத்துரு இல்லாவிடின் உரோமன் எழுத்துகளின் சிதறலையே காண்பர். ஏடு செல்லரிக்காமலே நூல் அழியும் நிலை இது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களோ டிஸ்கி என்னும் குறியீட்டிலிருந்து பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பெற்று இன்றும் படிக்கப்பெறுகின்றன. எந்நூல் எக்குறியீட்டில் உள்ளது என்பது தெரிந்திருந்தமையால் அம்மாற்றம் இயன்றது.

பதிப்பியல் கற்றோர்க்கு இந்நெறி புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலந்தொட்டு, தம் பதிப்புகளில் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து வந்தார். மூலத்தை அழிக்காமல், மாற்றத்தை மறைக்காமல், காரணத்தோடு பதிவுசெய்தல் அம்முறையின் உயிர். மென்பொருள் இயலார் பதிப்பெண் இட்டு, மாற்றந்தோறும் இதனால் இது மாறிற்று எனக் குறித்து வைப்பதும் அதுவே.

ஆதலின், தமிழ்த்துறைகள் செய்யவேண்டுவன சில. பழைய எழுத்துருக்களில் உள்ள ஆய்வேடுகளை, அவற்றின் குறியீட்டுப் பெயரைக் குறித்து, மூலப்படியையும் போற்றி, ஒருங்குறிக்கு மாற்றுதல் முதலாவது. பட்டியல்களில் ஒரே சொல் இருவகை எண்களால் அமையும் இடங்களை ஒருமைப்படுத்துதல் இரண்டாவது. 'கொ' என்பதனை இரண்டு எண்ணாலும் மூன்று எண்ணாலும் அமைக்கலாம், அவற்றைச் சமமாகக் கொள்ளும் விதி ஒருங்குறியிலேயே உண்டு. ஆனால், 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடும் பிழைக்கு அவ்விதி உதவாது. அதனை மனிதரே திருத்தவேண்டும். நூலுக்கும் ஆசிரியர்க்கும் ஊர்க்கும் பெயரின் வேறாகிய நிலையான எண் வழங்கி, வழங்கு பெயர்கள் அனைத்தையும் அவ்வெண்ணின்கீழ்ப் பதிதல் மூன்றாவது. அவ்வாறு செய்யின் தொண்டியார்பேட்டையும் தண்டையார்பேட்டையும் ஓரிடத்தனவாக நிற்கும். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. ஆய்தத்தின் பெயர், மெய்யின் இடம், எழுத்தின் வரிசை ஆகியன பற்றிய தமிழ் மரபின் தேவைகள், அடித்தளம் வகுக்கப்பெற்றபின் எடுத்துரைக்கப்படின் குறிப்பாக நிற்குமேயன்றி அமைப்பாகா. இனிப் புதிய குறிகள் முன்மொழியப்படும்பொழுது, சுவடியும் கல்வெட்டும் கற்றோர் தொடக்கத்திலேயே தம் தேவையைச் சான்றுடன் எழுதித் தரல்வேண்டும். துணைப்பகுதியின் 51 குறிகளுக்குப் பின்னும் சுவடிகளில் ஆராயப்படவேண்டிய வடிவங்கள் இருக்கலாம். அவற்றைத் தொகுத்து, வடிவ வேறுபாடு யாது, எழுத்து வேறுபாடு யாது என வரையறுப்பது எழுத்திலக்கணம் பயின்றவரால் இயல்வது. அப்பணி பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு உரியது.